முப்பத்தொன்றாம் வரிசை

எங்கள் பழைய டிபார்ட்மென்டில், கைப்பிடி சுற்றிக் கணக்குப் போடும் மெஷின் ஒன்றைத் தூசி தட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று, இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேர் மட்டாஞ்சேரிக்கு என் வீடு தேடி வந்தார்கள். "சேச்சி, பழைய காலத்தெப் பத்தி நல்ல ரசமா எழுதித் தரணும்" என்றார்கள்.

ரசமாக எழுத என்னிடம் சரக்கு இல்லை. அந்த மெஷினை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. அதைச் சுற்றிச் சுற்றியே வலது தோள் இறங்கிப்போய், இன்றைக்கும் தண்ணீர்க் குடம் தூக்க இடது கையைத்தான் நம்பியிருக்கிறேன். மலையாளம்தான் எனக்குத் தடங்கலில்லாமல் எழுத வரும். ஆனால் இதில் வரும் இரண்டு மனிதர்களிடமும் நான் பேசியது தமிழில். அவர்களிடம் சொல்லாமல் விட்டதும் தமிழில்தான். அதனால் தமிழில் எழுதுகிறேன். வேண்டுமானால் யாராவது மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

என் பேர் பாக்கியம். தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பம். போர்ட் கொச்சியில் 'வெளி' என்கிற மைதானத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் துணி வெளுக்கும் துறை இருக்கிறது. அப்பா கல்லில் துணி அடித்தே என்னைக் கணக்கில் பட்டம் வாங்க வைத்தார். எழுபதுகளின் நடுவில், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியறையில் எனக்கு வேலை கிடைத்தது. கல்லூரியில் இடமில்லை என்று, எங்கள் ப்ரொஃபஸர் சங்கரநாராயணன் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய அறை அது. இரண்டு மேஜை, இரண்டு மெஷின், ஏழு இலக்க லாகரிதம் புத்தகம் ஒன்று. கீழே மூட்டை புரட்டினால் மேலே நாங்கள் தும்முவோம். மழைக்காலத்தில் தாள்கள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும்.

அங்கே போடும் கணக்கு எதைப் பற்றியது என்று எங்களுக்குத் தெரியாது. அது ப்ரொஃபஸர் வைத்திருந்த சட்டம். "கணக்குப் போடறவாளுக்கு விடை எப்படி வரணும்னு தெரிஞ்சா, கை அந்தப் பக்கம் சாயும்" என்பார். பாலக்காட்டுத் தமிழ். குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. தாளின் தலையில் 'கேஸ் ஒன்று', 'கேஸ் இரண்டு' என்று மட்டும் எழுதியிருக்கும். கீழே நாற்பது வரிசை, பக்கவாட்டில் பன்னிரண்டு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் வரும் எண்ணை வைத்து அடுத்த பத்தி. ஒரு கேஸை முடிக்க மூன்று வாரம் பிடிக்கும்.

இரண்டாவது சட்டம், அறைக்குள் ரப்பர் கூடாது. எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தின் முதல் எழுத்தைப் போடவேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது படிக்கத் தெரியவேண்டும். மூன்றாவது சட்டம், ஒரே கேஸை நானும் ரோசியும் தனித்தனியாகப் போட வேண்டும். ரோசி போர்ட் கொச்சிக்காரி, என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். முடித்தபிறகு இருவர் தாளையும் ஒத்துப் பார்ப்போம். கடைசியாக, அடுத்தடுத்த எண்களைக் கழித்து வித்தியாசம் எடுத்து ஓரத்தில் எழுதுவோம். விடைகள் சரியாக இருந்தால் வித்தியாசங்கள் படிக்கட்டு மாதிரி சீராக இறங்கும். எங்கேயாவது ஒன்று துள்ளினால், அந்த வரிசையில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

ப்ரொஃபஸர் தாளைப் பார்க்கும் விதம்தான் எங்களுக்குக் குலைநடுக்கம். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரிசையாக இறங்குவார். தப்பு கண்டால் திட்டமாட்டார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அவ்வளவுதான். தாளைத் திருப்பித் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

சேர்ந்த முதல் வருஷத்தில் எனக்கு அந்தப் புள்ளி விழுந்தது. ஒரு கேஸில் வித்தியாசம் ஓரிடத்தில் லேசாகத் துள்ளியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எழுதித் தந்த தொடக்க எண்களை வைத்துத்தான் ரோசியும் போட்டிருந்தாள். அதனால் இரண்டு தாளும் ஒத்துப்போயின. அதற்கு மேல் இன்னும் ஒரு கேஸும் ஏறிவிட்டது. பிறகுதான், லாகரிதம் புத்தகத்தில் நான் ஒரு வரி தள்ளி எடுத்திருப்பதை ப்ரொஃபஸர் கண்டுபிடித்தார். ஒரு புள்ளி. ஆறு வாரத்து வேலை இரண்டு பேருக்கும் வீண். "எடீ பாக்கியமே, இனி எண்ணு துள்ளினா உடனே பிடிச்சுக் கெட்டிப்போடு" என்று ரோசி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையோ தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ரொஃபஸர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். துறையில் எங்கள் பெண் ஆபீஸுக்குப் போகிறாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எண் துள்ளினால் தப்பு என்பது அன்றைக்கு என் எலும்பில் ஏறியது.

அடுத்த வருஷம் விஸ்வநாதன் சார் வந்தார். பாலக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மூன்று வருஷம் சம்பளமில்லாத லீவில், ப்ரொஃபஸரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். வீட்டில் அம்மாவையும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளையும் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒல்லி. முழங்கையில் ஒட்டுப்போட்ட சட்டை. எங்களையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். "பாக்கியம், ஒரு தும்மலுக்கு ஒரு எண்ணு வீதம் போட்டாலே என் தீசிஸ் முடிஞ்சுடும்" என்று கேலி பேசுவார். அவருக்காகத்தான் ஏழு கேஸ்கள் போட்டோம். முதல் ஆறு கேஸ்களும் வழுக்கிக்கொண்டு வந்தன.

ஏழாவது கேஸ் தொடங்கும்போது ரோசி பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஒத்துப் பார்க்க ஆளில்லை. விஸ்வநாதன் சாரின் லீவோ கரைந்துகொண்டிருந்தது. "வித்தியாசம் சரியா இருந்தா போறும், நீயே முடிச்சுடு" என்றார் ப்ரொஃபஸர். அவர் தன் சட்டத்தைத் தானே தளர்த்தி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கடைசிப் பத்தியில் முப்பதாவது வரிசைவரை எண்கள் ஒழுங்காக இறங்கி வந்தன. முப்பத்தொன்றில் திடீரென்று ஏறியது. இரண்டரையை ஒட்டி வரவேண்டிய இடத்தில் நாலு புள்ளி எட்டு ஒன்று ஏழு. முப்பத்திரண்டும் முப்பத்துமூன்றும்கூட உயரத்திலேயே நின்றன. முப்பத்துநாலில் பழையபடி இறங்கிவிட்டது. லாகரிதத்தை மறுபடி எடுத்தேன். மெஷினில் மறுபடி சுற்றினேன். அதே நாலு புள்ளி எட்டு ஒன்று ஏழு. மறுநாள் காலையில் குளித்துக் கும்பிட்டுவிட்டு வந்து, மூன்றாவது முறை போட்டேன். அதே எண்.

மூன்று முறை ஒரே விடை வந்தால் அதுதான் சரி என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று முறையும் ஒரே தப்பைச் செய்கிறேன், அது என்னவென்று தெரியவில்லை, ப்ரொஃபஸர் தெரிந்துகொள்வார், புள்ளி வைப்பார் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுப் பையில், பாத்திரத்துக்கு அடியில் ஒரு ரப்பர் வைத்திருந்தேன். சில்லறைத் தப்புகளை அழித்துக்கொள்ள எப்போதோ வாங்கியது. முன்னாலும் பின்னாலும் இருந்த எண்களைக் கொண்டு நடுவில் என்ன வந்தால் வித்தியாசம் சீராகும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வரிசைகளையும் அழித்தேன். அந்த எண்களை எழுதினேன். படிக்கட்டு அழகாக இறங்கியது.

எங்கள் வீட்டில் துணிக்குப் போடும் குறி சேங்கொட்டைச் சாற்றில் போடுவது. எந்த வீட்டுத் துணி என்று அதை வைத்துத்தான் தெரியும். துணி கிழிந்தாலும் குறி அழியாது என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அவர் பெண் நான் ரப்பர் வைத்திருந்தேன்.

ப்ரொஃபஸர் தாளைப் பார்த்தார். புள்ளி விழவில்லை. அடியில் தன் முதலெழுத்தைப் போட்டு விஸ்வநாதன் சாரிடம் கொடுத்தார். அவர் வேறு எந்தப் பத்தியையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பத்திக்குப் போனார். விரல் இருபதில் வேகமாக வந்தது, முப்பதுக்கு அருகே மெதுவானது, நாற்பதுவரை போனது. மறுபடி மேலே வந்து இன்னொரு தடவை இறங்கினார்.

"பாக்கியம், இங்கே எங்கேயும் ஏறி வரலையா?"

"இல்ல சார். சீரா வந்திருக்கு."

"சரி" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், நான் என்னமோ செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ன செய்தேன் என்பதுதான் புரியவில்லை.

அது பத்து நாள் கழித்துப் புரிந்தது. மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் போகும் போட்டுக்காக அவர் காத்திருந்தார். நானும் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. கணக்கு முடிந்துவிட்டதால் இனி சொல்லலாம் என்று அவராகவே சொன்னார். சூரியனைவிடப் பல மடங்கு சூடான நட்சத்திரங்கள் உண்டு. அவற்றில் சில, இடுப்பிலிருந்து வாயு கழன்று போகும் அளவுக்கு வேகமாகச் சுழல்பவை. அந்த வாயு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு போர்வையாகத் தானும் சுழன்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்ட நட்சத்திரத்துக்குக் காந்தப்புலமும் இருந்தால் அந்தப் போர்வை என்ன ஆகும்? இதுதான் அவருடைய கேள்வி. முதல் ஆறு கேஸ்களில் காந்தம் பலவீனம். ஏழாவதில் பலம். கடைசிப் பத்தி வாயுவின் அடர்த்தி.

"காந்தம் வாயுவைக் கெட்டியாப் பிடிச்சு நட்சத்திரத்தோடேயே சுத்த வைக்கும். கிட்டக்க இருக்கற வாயு திரும்ப உள்ளே விழப் பார்க்கும். ரொம்ப எட்டி இருக்கறது வெளியே ஓடப் பார்க்கும். நடுவுல ஒரு தூரத்துல ரெண்டும் சமம். அங்கே போற வாயு விழவும் முடியாம ஓடவும் முடியாம தேங்கிடும்னு நான் நெனச்சேன். அடர்த்தி அங்கே மட்டும் குப்புனு ஏறணும். ஏறலை. எனக்குத் தோணினது தப்பு, அவ்வளவுதான்."

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் துறையில் துணி உலர்த்தக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவோம். எவ்வளவு காற்றடித்தாலும் துணி கயிறோடுதான் ஆடும். கயிறு போகிற இடத்துக்குத்தான் துணியும் போகும். அவர் சொன்ன காந்தம் அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். அவர் தேடிய இடம் முப்பத்தொன்றாம் வரிசை என்பதும் விளங்கியது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். போட் வர இன்னும் நேரம் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் வாயைத் திறப்பாளா? "தப்பா இருக்காது சார்" என்று மட்டும் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

தீசிஸ் பரீட்சகரிடம் போய்த் திரும்பி வந்தது. உழைப்பு தெரிகிறது, ஆனால் பலமான காந்தத்துக்கும் பலவீனமான காந்தத்துக்கும் வேறுபாடு எதுவும் காட்டப்படவில்லை, புதிதாக ஒன்றும் இல்லை, திருத்தி அனுப்புக என்று குறிப்பு. திருத்த அவருக்கு லீவு இல்லை. பள்ளிக்கூடத்தில் நீட்டித்துத் தரவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு மாடியறைக்கு வந்து, கேஸ் தாள்களை ப்ரொஃபஸரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். குழந்தை பெற்றுத் திரும்பியிருந்த ரோசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு வருஷங்கள் போயின. ப்ரொஃபஸர் ஓய்வு பெற்றார். மாடியறையை மூடினார்கள். என்னை எர்ணாகுளம் பக்கத்து டிபார்ட்மென்டில் நிரந்தரமாக்கினார்கள். தினமும் போட்டில் போய் வந்தேன். கம்ப்யூட்டருக்கு அட்டையில் துளை போட்டுத் தருவது என் வேலையானது. அந்தக் கேஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஒருவேளை நான் போட்டதுதான் தப்போ என்னவோ. மூன்று முறை வந்தால் என்ன, தப்பும் மூன்று முறை வரும்தானே.

எண்பதுகளில் ஒருநாள் அந்தச் சமாதானமும் போயிற்று. புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அது சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்க, விடை தெரிந்த பழைய கணக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும். புரோகிராம் எழுதியவர் அலமாரியைத் துழாவி, ப்ரொஃபஸரின் முதலெழுத்துப் போட்ட ஏழாவது கேஸைத் தேர்ந்தெடுத்தார். கம்ப்யூட்டர் விடை அச்சாகி வந்தது. முப்பத்தேழு வரிசை ஒத்துப்போனது. மூன்று ஒத்துப்போகவில்லை.

"புரோகிராம்ல எங்கேயோ தப்பு. கையில போட்டது தப்பாயிருக்காது, அந்த ரூம்ல போட்டதாச்சே" என்றார் அவர். இரண்டு நாள் உட்கார்ந்து, இல்லாத தப்பைத் தன் புரோகிராமில் தேடினார். இரண்டு நாளும் நான் பக்கத்து மேஜையில் அட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அச்சுத்தாளைப் பார்க்கக் கேட்டேன். முப்பத்தொன்றில் நாலு புள்ளி எட்டு ஒன்று ஏழு.

பழைய தாளை ஜன்னலுக்கு எடுத்துப்போனேன். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். கரியைத்தான் ரப்பர் எடுத்திருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, புது எண்ணுக்கு அடியில் பழைய எண்ணின் பள்ளம் தெரிந்தது. "கம்ப்யூட்டர் சரிதான், இந்தத் தாள்தான் தப்பு" என்று அவரிடம் சொன்னேன். தலை சுற்றுகிறது என்று லீவு போட்டுவிட்டு, இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போட் ஏறினேன்.

ப்ரொஃபஸரின் வீடு மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பின்னால். கண் ஆபரேஷன் ஆகி, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தாளை வாங்கினார். கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் முப்பத்தொன்றாம் வரிசையைத் தடவினார்.

"இப்ப வெளிநாட்டுல யாரோ இதைச் சொல்லியாச்சு. போன வருஷம் ஒரு பையன் படிச்சுக் காமிச்சான்" என்றார். பிறகு பென்சில் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எனக்கு விழவேண்டிய புள்ளி, வருஷக்கணக்காக நான் பயந்துகொண்டிருந்த புள்ளி, இதோ வருகிறது என்று நின்றேன். அவர் தாளின் அடிக்கு வந்தார். தன் முதலெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"ரோசி வரட்டும்னு நான் இருந்திருக்கணும்" என்றார். "போ. போய் அவன்கிட்ட சொல்லு." நான் வாசலுக்கு வரும்வரை தலை நிமிரவில்லை.

அந்த வாரமே போனேன். ஓட்டுக் கூரைப் பள்ளிக்கூடம். விஸ்வநாதன் சாருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அடடே, பாக்கியமா! சாயா குடிக்கறேளா?" என்றார். வராந்தாவில் நின்றபடியே இரண்டு தாளையும் நீட்டினேன். ரப்பரைப் பற்றிச் சொன்னேன். படகுத்துறையில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது.

அச்சுத்தாளில் அவர் விரல் நேராகக் கடைசிப் பத்திக்குப் போனது. அதே மாதிரி இறங்கியது. முப்பத்தொன்றில் நின்றது.

"அன்னிக்கு நீங்க எத்தனை தடவை போட்டேள்?"

"மூணு தடவை சார்."

"மூணு தடவையும் இதேதான் வந்துதா?"

"இதேதான் வந்துச்சு."

அவர் தூணில் சாய்ந்துகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். "அம்மா போற வரைக்கும் கேட்டுண்டே இருந்தா, உனக்கு எங்கடா தப்பாப்போச்சுன்னு. எனக்குச் சொல்லத் தெரியலை" என்றார். மணி அடித்தது. தாள்களை மடித்து என் கையிலேயே திணித்தார். "இனிமே இது எனக்கு எதுக்கு? கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா? நீங்களே வெச்சுக்கோங்கோ. எனக்கு ஒம்பதாம் கிளாஸுக்கு நேரமாச்சு."

பாதி வராந்தா போனவர் நின்றார். திரும்பவில்லை. "எனக்குத் தோணினது தப்பில்லை, இல்லையா?" என்றார்.

"இல்ல சார்."

அவர் வகுப்புக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது அவர் இல்லை. ப்ரொஃபஸரும் இல்லை. ரோசி மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாள்.

கண்ணாடிப் பெட்டி வைக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மெஷினோடு இந்த ஏழாவது கேஸ் தாளையும் வையுங்கள். இத்தனை வருஷமும் என் புடவைகளுக்கு அடியில்தான் இருந்தது, இந்தப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைக்கவேண்டும், நேராக வைத்தால் அந்த எண் தெரியாது. அடியில் விஸ்வநாதன் என்று பெயர் எழுதுங்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட வழியில்லை. அதை அழித்தவள் நான்.